கையெழுத்து போட்டிருந்தால் கதை வேறு

பிரிந்துபோன கணவரின் கடனுக்கு மனைவி பொறுப்பல்ல என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அவர் தனியாக வாங்கிய கடன் என்றால் சரிதான். ஆனால் சென்னையில் எங்கள் வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் நிறைய வீடுகளில் குழுக் கடன் மனைவி பெயரில் இருக்கும், பணம் கணவருடைய ஆட்டோ டியூவுக்குப் போயிருக்கும். அந்தக் கடன் சட்டப்படி அவள் கடன்தான். யார் செலவழித்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

என் அக்கா தன் கணவருடைய வண்டிக் கடனுக்கு ஜாமீன் போட்டவள். 1872 ஒப்பந்தச் சட்டம் 128ஆவது பிரிவுப்படி, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. விவாகரத்து ஆனாலும் அது போகாது. அவள் கட்டியதை அவரிடம் திருப்பிக் கேட்கலாம், அதனால் ரசீது ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தச் சொன்னேன்.

அப்புறம் வசூல் ஆட்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அக்காவுக்கு ராத்திரி பத்து மணிக்கு வந்தது. பிள்ளைகள் முன்னால் அவள் அழுததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

வழக்கறிஞருக்குக் காசில்லையே என்று தயங்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம்.