சோம்பேறித்தனமா?

இளைஞர்களுக்கு உழைக்க மனமில்லாததால்தான் வயல்கள் தரிசாகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, எங்கள் நாங்குநேரிப் பக்கம் வந்து பாருங்கள். எங்களுக்குத் தண்ணீர் வர வேண்டியது மணிமுத்தாறு அணையிலிருந்து. பிரதானக் கால்வாயில் முதல் இரண்டு ரீச்சை (கால்வாய்ப் பகுதியை) தாண்டித்தான் எங்கள் பக்கம், அதுவும் தண்ணீர் மிச்சமிருந்தால். ஆனியில் தொடங்கும் கார் நெல் சாகுபடிப் பேச்சையே விட்டாச்சு. ஐப்பசி மழையை நம்பிப் போடும் பிசான நெல் மட்டும்தான்.

போன தடவை கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் குளம் வற்றிவிட்டது. அப்பா ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து ஊதினார். அத்தனையும் பதர், பறந்துவிட்டது. ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கோனாரைக் கூப்பிட்டு, "வயல்ல ஆட்டை இறக்கிவிடும், மேயட்டும்" என்றார். வட்டிக்கு வாங்கிய உரக்காசு அப்படியே நிற்கிறது.

அப்புறம்தான் தம்பி திருப்பூருக்குப் பஸ் ஏறினான். அங்கே பனியன் கம்பெனியில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. அவனையா சோம்பேறி என்கிறீர்கள்?