யெர்சிகா அரசர் "மனமுவந்து" கொடுத்த நாடு

மனைவி எதிரியின் பிடியில் இருக்கும்போது ஒருவர் எழுதிக்கொடுக்கும் பத்திரத்தை எந்தப் பஞ்சாயத்தும் ஒப்புக்கொள்ளாது. ஆனால் 1209இல் யெர்சிகா அரசர் விஸ்வால்டிஸ் அப்படித்தான் தன் நாட்டை ரீகாவின் மாதா தேவாலயத்துக்கு எழுதிக்கொடுத்தார், அதைப் போய் "மனமுவந்து பணிந்தார்" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

யெர்சிகா இன்றைய லாட்வியாவில், தௌகாவா ஆற்றங்கரையில் இருந்த, லட்கலியர் என்ற இனத்தாரின் கோட்டை நகரம். விஸ்வால்டிஸின் மாமனார் லித்துவேனியத் தலைவர். லித்துவேனியர்களுக்கு இவர் துணைபோகிறார் என்பதுதான், கிறிஸ்துவை அறிவிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்ட ரீகாவின் ஜெர்மானிய பிஷப் ஆல்பர்ட் படையெடுக்கச் சொன்ன காரணம். துணைபோனது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் உள்ளே நுழைந்த படை எதையெல்லாம் தூக்கிக்கொண்டு போனது? தேவாலய மணிகள், திருவுருவப் படங்கள்! அந்த ஊரில் கிழக்குத் திருச்சபைக் கோயில்கள் ஏற்கெனவே இருந்தன. அப்புறம் யாருக்குக் கிறிஸ்துவை அறிவிக்க வந்தார்கள் இவர்கள்?

அரசியைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாள் முழுக்கக் கொள்ளையடித்து, மறுநாள் ஊருக்குத் தீ வைத்தார்கள். படகில் தப்பிய அரசர் அக்கரையில் நின்று எரிகிற ஊரைப் பார்த்து, என் முன்னோர் விட்டுப்போன ஊரே, இதைப் பார்க்கவா நான் பிறந்தேன் என்று கதறியிருக்கிறார். இதை எழுதி வைத்தவர் பிஷப்பின் தரப்புப் பாதிரியாரான ஹென்றி. லட்கலியர் யாரும் எழுதிய வரலாறு நம் கையில் இல்லை, அதனால் அந்த அழுகைகூட எதிராளியின் பேனா வழியாகத்தான் வந்து சேர்கிறது.

பிறகுதான் ரீகாவுக்குப் போய், நாட்டைக் கொடுத்து, அதையே பிஷப்புக்குக் கட்டுப்பட்டவராக, அதன் அடையாளமான மூன்று கொடிகளோடு மானியமாகத் திரும்ப வாங்கி, மனைவியை மீட்டார். சரி, அதோடு விட்டார்களா? 1214இல் கொக்னெசே என்ற கோட்டையிலிருந்து பிஷப்பின் ஆட்களே வந்து யெர்சிகாவை மறுபடி சூறையாடினார்கள். அந்த ஆட்கள் அடுத்த முறை வந்தபோது அரசர் கூப்பிட்டது மறுபடியும் லித்துவேனியர்களைத்தான். வேறு யாரைக் கூப்பிடுவார்?

எதிர்த்ததால்தான் இந்தக் கதி என்பவர்கள் வடக்கே இருந்த இன்னொரு லட்கலியர் நாடான தாலவாவையும் பார்க்கட்டும். அதன் தலைவர் தாலிவால்டிஸ் ஜெர்மானியரோடு சேர்ந்து நின்றவர், 1215இல் எஸ்தோனியர்கள் அவரைப் பிடித்து நெருப்பில் வதைத்துக் கொன்றார்கள். அவர் மகன்களும் ரீகா பக்கமே இருந்தார்கள். 1224இல் தாலவாவைப் பங்கு போட்டார்கள்: மூன்றில் இரண்டு பிஷப்புக்கு, மீதி வாள் சகோதரர்கள் என்ற போர்த்துறவிகளுக்கு.