"தற்காப்புக்குச் சுட்டேன்" என்றால் போதுமா?

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், பாலக்கோடு என்று காட்டை ஒட்டின ஊர் எதிலாவது நாட்டுத் துப்பாக்கி வெடித்து ஆள் விழுந்தால் அன்று சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டாகிவிடும். "வீடேறி அடிக்க வந்தாங்க, உயிருக்குப் பயந்து சுட்டான்" என்று ஒரு பக்கம். "ரொம்ப நாளா திட்டம் போட்டு சுட்டான்" என்று இன்னொரு பக்கம். வண்டிப்பாதைத் தகராறு, கிணற்றுப் பங்கு, வரப்பில் நின்ற புளியமரம் என்று பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். நிலத்தில் யார் பக்கம் நியாயம் என்று சொல்லிவிட்டால் சுட்டதிலும் யார் பக்கம் நியாயம் என்று சொல்லியதாக நினைத்துக்கொள்கிறார்கள். இது பெரிய தப்பு. பட்டா யார் பேரில் இருக்கிறது என்பது சிவில் கோர்ட் விவகாரம். கொலை வழக்கில் நீதிபதி பார்ப்பது விசையை இழுத்த அந்தச் சில நொடிகளைத்தான்.

முதலில் சட்டம். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்கு புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள். அதற்கு முன் நடந்தவற்றுக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரை. நம்பர் மாறியிருக்கிறது, சாரம் அதேதான். இந்த உரிமை பலர் நினைப்பதைவிட விரிவானது. உங்கள் உடம்புக்கு மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் உடம்புக்கும் உண்டு. அடிக்க வந்தால் ஓடித்தான் ஆக வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. தாக்கப்படுகிறவன் கோழையாக ஓட வேண்டியதில்லை என்று 2010-ல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது.

ஆனால் எதிராளியின் உயிர் போகிற அளவுக்குப் போவதற்கு கதவு குறுகல். 38-வது பிரிவில் ஏழே சந்தர்ப்பங்கள்: உயிர் போகும் என்ற நியாயமான பயம், கொடுங்காயம் ஆகும் என்ற பயம், பாலியல் வன்முறை, ஆள் கடத்தல், ஆசிட் வீச்சு போன்றவை. சொத்துக்காக என்றால் 41-வது பிரிவு. கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, ஆள் குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைப்பது. சாதாரணத் திருட்டிலும் அத்துமீறலிலும்கூட, அதைத் தடுக்காவிட்டால் உயிரோ கொடுங்காயமோ ஆகும் என்ற நிலை இருந்தாக வேண்டும். பட்டப்பகலில் வேலியைப் பிடுங்கினான், என் ராகி வயலில் டிராக்டர் ஓட்டினான், கடலைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு போனான் என்பதற்கெல்லாம் தடுக்கலாம், தள்ளலாம், பிடித்து வைக்கலாம். சுட்டுக் கொல்ல முடியாது. நம் பகுதித் தகராறுகளில் பெரும்பாலானவை இந்த வகை என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது நேரம். ஆபத்து வருகிறது என்ற நியாயமான பயம் பிறக்கும்போது உரிமை பிறக்கிறது. அந்தப் பயம் தீர்ந்ததும் உரிமையும் தீர்ந்தது. அரிவாளோடு வந்தவன் அரிவாளைப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடுகிறான் என்று வையுங்கள். அப்போது சுட்டால் அது பழிவாங்கல். முதுகில் குண்டு பாய்ந்த பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு தற்காப்பு வாதம் செய்வது மிக மிகக் கடினம்.

இங்கே நாட்டுத் துப்பாக்கியின் அமைப்பே ஒரு சாட்சி. வாய் வழியாக மருந்து, அடைப்பு, ரவை எல்லாம் போட்டு, கம்பியால் இடித்து, தீப்பொறி தரும் கேப்பு வைத்தால்தான் வெடிக்கும். ஒருமுறை வெடித்தால் மறுபடியும் முதலிலிருந்து. ஆகவே இரண்டு கேள்விகள் தானாக எழும். தகராறுக்கு முன்பே நிரப்பி வைத்திருந்தது ஏன்? பன்றிக்காக எப்போதும் நிரப்பித்தான் வைப்போம் என்ற பதில் சில வழக்குகளில் எடுபடலாம், ஆனால் அன்றைக்குக் காவல் பரணில் இருந்தாரா, வீட்டுத் திண்ணையில் இருந்தாரா என்று அடுத்த கேள்வி வரும். இரண்டாவது, இரண்டு முறை சுட்டிருந்தால் நடுவில் நிரப்ப நேரம் இருந்திருக்கிறது. நிரப்ப நேரம் இருந்தவனுக்கு உள்ளே போய்க் கதவைத் தாழிட்டு 100-க்கு போன் போடவும் நேரம் இருந்தது என்று அரசு வழக்கறிஞர் சொல்வார். போலீஸ் பாதுகாப்பை நாட நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்பது 37-வது பிரிவு.

"அமெரிக்காவில் வாசலில் வந்து நின்றாலே சுடலாம்" என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்வாங்காமல் நின்று சுடலாம் என்று 2005-ல் சட்டம் போட்ட ஃபுளோரிடாவிலேயே, ஒகாலா நகரில் 2023 ஜூனில் ஒரு பெண், பூட்டின கதவுக்கு வெளியே நின்று தட்டிய அக்கம்பக்கத்துப் பெண்ணைக் கதவு வழியாகவே சுட்டுக் கொன்றார். இறந்தவர் நான்கு குழந்தைகளின் தாய். பயந்துதான் சுட்டேன் என்ற வாதம் ஜூரியிடம் நிற்கவில்லை. 2024-ல் 25 ஆண்டு சிறை. தாழிட்ட கதவு நடுவில் இருக்கும்போது உடனடி ஆபத்து எங்கே என்ற கேள்வி எந்த ஊர் கோர்ட்டிலும் வரும்.

நம் உச்ச நீதிமன்றத்தில் இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். கேரளாவின் ஜேம்ஸ் மார்ட்டின் வழக்கில், 1988 பந்த் அன்று மாவு மில்லுக்குள் கும்பல் புகுந்து வன்முறை செய்தபோது துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். 2003-ல் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆபத்தில் இருப்பவன் செய்ததைப் பொன் தராசில் நிறுக்க முடியாது என்பது அந்த வரிசைத் தீர்ப்புகளின் அடிப்படை. 1980-ன் யோகேந்திர மொரார்ஜி வழக்கில் வண்டியில் போனவர், கல்லெறிந்தவர்கள் மீது சுட்டார். எல்லை மீறிவிட்டார் என்று தண்டனை. எல்லை மீறினால் நேராகக் கொலைக் குற்றம் என்றும் இல்லை. நல்லெண்ணத்தோடு, முன்திட்டமில்லாமல், தேவைக்கு மேல் போனால் 101-வது பிரிவின் இரண்டாம் விலக்கு இருக்கிறது. வழக்கு கொலைக்கான 103-லிருந்து, கொலை ஆகாத மரணம் விளைவித்தலுக்கான 105-க்கு இறங்கும். ஊரில் பேசுகிறவர்கள் இந்த நடு இடத்தைப் பார்ப்பதே இல்லை. அவர்களுக்கு ஒன்று தூக்கு, இல்லாவிட்டால் மாலை.

தற்காப்பை நிரூபிக்கும் சுமை சுட்டவர் மேல். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-வது பிரிவு அது. ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அரசுத் தரப்பு சாட்சியின் குறுக்கு விசாரணையிலிருந்தே எடுத்துக் காட்டலாம். சுட்டவர் உடம்பிலும் காயம் இருந்து, அதற்கு அரசுத் தரப்பு விளக்கமே சொல்லவில்லை என்றால் அது வழக்கையே ஆட்டும். 1976-ன் லட்சுமி சிங் தீர்ப்பு அதைத்தான் சொல்கிறது.

இங்கேதான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். சுட்டவர் பயந்து எல்லை தாண்டிக் கர்நாடகாவுக்குப் போய் உறவுக்காரர் வீட்டில் படுத்துக்கொள்கிறார். தலையில் கட்டையடி வாங்கியிருப்பார், கையில் வெட்டு இருக்கும். நாலு நாளில் காயம் ஆறிவிடும், ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல், இல்லை. அந்தக் காயம் இனி கோர்ட்டுக்கு இல்லாத காயம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ தாலுகா மருத்துவமனையோ, எதுவானாலும் உடனே போய் விபத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். டாக்டர் கேட்கும்போது எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, கட்டையா கொடுவாளா, எங்கே, எத்தனை மணிக்கு என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கேஸ் வேண்டாம் என்று "வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொன்னால் டாக்டர் அதைத்தான் எழுதுவார். இரண்டு வருஷம் கழித்துக் கூண்டில் நின்று மாற்ற முடியாது. சுடப்பட்ட தரப்புக்கும் இதே விதிதான். மூன்று பேர் என்று பதிவேட்டில் சொல்லிவிட்டு, புகாரில் பகையாளி வீட்டு ஆட்கள் எட்டுப் பேரைச் சேர்த்தால் உண்மையான மூன்று பேரும் தப்பிப்பார்கள்.

"பன்றின்னு நெனச்சு சுட்டேன்" என்பது தற்காப்பே இல்லை. அது விபத்து என்ற வாதம், 18-வது பிரிவு. சட்டப்படியான செயலை, சட்டப்படியான வழியில், தக்க எச்சரிக்கையோடு செய்திருக்க வேண்டும். இருட்டில் புதர் அசைந்தது என்று சுடுவதை எச்சரிக்கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்டேஷனில் பன்றிக் கதையும் கோர்ட்டில் தற்காப்புக் கதையும் சொன்னால் இரண்டுமே நிற்காது.

சம்பவ இடத்தைத் தொடாதீர்கள். மிக நெருக்கத்தில் சுட்டால் ரவைகள் ஒரே ஓட்டையாக நுழையும், சுற்றிலும் புகைக் கருப்பும் மருந்துத் துகளும் படியும். தூரம் கூடக்கூட ரவை விரியும். கைகலப்பில் வெடித்ததா, தூரத்திலிருந்து குறி பார்த்ததா என்ற சண்டையைத் தீர்ப்பது இதுதான். எத்தனை தூரத்தில் ரவை எவ்வளவு விரியும் என்று நாட்டுத் துப்பாக்கிக்குக் கம்பெனிக் கணக்கு கிடையாது. அதே துப்பாக்கியில் அதே மாதிரி நிரப்பிச் சோதித்தால்தான் தூரம் ஓரளவு தெரியும். துப்பாக்கியைக் கிணற்றில் வீசியவர் தன்னுடைய சாட்சியையும் சேர்த்தே வீசுகிறார். சுவரில் பதிந்த ரவையை மண் பூசி மூடுவது, ரத்தம் பட்ட சட்டையைத் துவைப்பது, எதிராளி கொண்டுவந்த கொடுவாளை எடுத்து ஒளித்து வைப்பது எல்லாமே அப்படித்தான். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனையுள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் இடத்துக்கு வர வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176(3). கேட்டு வாங்குங்கள்.

இரண்டு தரப்பும் புகார் கொடுத்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் தாக்கியது என்று கண்டறிய வேண்டும். போலீஸ் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் தமிழ்நாடு காவல் நிலையாணைகளில் 566 இதற்காகவே இருக்கிறது. ஒரு புகாரை வாங்கி இன்னொன்றை ஓரத்தில் போடுகிற பழக்கம் உண்மையைக் கொல்கிறது. இதில் எனக்குக் கோபம் உண்டு.

உரிமமில்லாத துப்பாக்கியால் சுட்டதால் மட்டும் தற்காப்பு உரிமை போய்விடாது. ஆனால் கொலையிலிருந்து விடுதலையானாலும் ஆயுதச் சட்ட வழக்கு தனியாக நிற்கும். 2019 திருத்தத்துக்குப் பின் வெறுமனே வைத்திருந்ததற்கே குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி நிரப்பும் துப்பாக்கிக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவில் வழி இருக்கிறது. மனு கொடுக்க வேண்டிய இடம் கலெக்டர் அலுவலகம். தாத்தா காலத்துத் துப்பாக்கி பரண்மேல் கிடக்கிறதென்றால், தானாக ஒப்படைக்கச் சொல்லி அறிவிப்பு வரும்போது ஊர்ப் பெரியவர்களை வைத்து ஒப்படைத்துவிடுங்கள்.

கடைசியாக வீடியோ. யாராவது போனில் எடுத்திருந்தால் அதை குரூப்பில் சுற்றவிடுவதால் வழக்குக்குப் பயனில்லை. வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டு வந்த துண்டை எந்த நீதிபதியும் ஏற்க மாட்டார். எடுத்த போனை அப்படியே, எதையும் அழிக்காமல், விசாரணை அதிகாரியிடம் கொடுத்து ரசீது வாங்குங்கள். சாட்சிய அதினியம் 63-ன்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பு மாறினால் தானும் மாறிக் காட்டிக்கொடுக்கும் அடையாள எண்ணும், இருக்க வேண்டும். எடுத்தவர் எந்தத் தரப்புச் சொந்தக்காரராக இருந்தாலும் சரி, முழு வீடியோவைக் கொடுங்கள். முதல் அடி விழுந்த இடம் பெரும்பாலும் வெட்டி எறிந்த முதல் பத்து நொடியில்தான் இருக்கும்.