கீழே பத்தடியில் என்ன இருக்கிறது?

ஒரு பழைய குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்றால் முதலில் கிளம்புகிற சண்டை எத்தனை மாடி என்பதுதான். இவ்வளவு உயரத்தை இந்தத் தெரு தாங்குமா, தண்ணீருக்கு என்ன செய்வார்கள், பக்கத்து வீட்டுக்கு வெளிச்சம் வருமா. நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்தத் தெருவில் நாளைக்கு யாராவது நடந்து போவார்களா மாட்டார்களா என்பதை மேலே இருக்கிற மாடிகள் அவ்வளவாக முடிவு செய்வதில்லை. தரையிலிருந்து பத்தடி உயரம் வரை அந்தக் கட்டடம் தெருவுக்கு எதைக் காட்டுகிறதோ, அதுதான் முடிவு செய்கிறது. பில்டர்கள் தரும் வண்ணப் படங்களில் சரியாக அந்தப் பத்தடியை மட்டும் மரத்தை வைத்து மறைத்திருப்பார்கள். கவனித்துப் பாருங்கள்.

வழக்கமாக நடப்பது இதுதான். பக்கத்துப் பக்கத்தில் நான்கு மனை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், இரண்டு படிக்கட்டு, தெருவைப் பார்த்த ஜன்னல். ஒன்றில் தையல் கடை, இன்னொன்றில் டியூஷன் எடுப்பவர். நான்கையும் சேர்த்து ஒரே வளாகமாக்குகிறார்கள். மேலே நாற்பது குடும்பம் வருகிறது. மக்கள்தொகை கூடியிருக்கிறது, தெரு இன்னும் கலகலப்பாக வேண்டும் அல்லவா? நடப்பது நேர்மாறு. கீழே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஆளுயரத்துக்கு மேல் காம்பவுண்ட் சுவர். அதில் கார் உள்ளே போக ஒரு கேட், வெளியே வர ஒரு கேட். சுவருக்குப் பின்னால் தூண்களும் கார்களும். அந்த நாற்பது குடும்பத்தில் பலர் லிஃப்டில் இறங்கி, காரில் ஏறி, கேட்டைத் தாண்டிய பிறகுதான் தெருவையே பார்க்கிறார்கள்.

இப்போது அந்தச் சுவரை ஒட்டி நடந்து பாருங்கள். நடைபாதை புதிதாகப் போட்டிருப்பார்கள், அழகாகவே இருக்கும். ஆனால் கேட் வருகிற இடத்தில் கார் சுகமாக ஏறி இறங்குவதற்காக நடைபாதையை வெட்டிச் சரித்திருப்பார்கள். நாம் இறங்க வேண்டும், நான்கு எட்டு வைத்து மறுபடி ஏற வேண்டும். அடுத்த கேட்டில் இன்னொரு முறை. முழங்கால் வலி உள்ள ஒருவர் இரண்டாவது சரிவிலேயே வெறுத்துப்போய் ரோட்டில் இறங்கி நடக்க ஆரம்பிப்பார். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிறவர் முதல் சரிவிலேயே இறங்கிவிடுவார். அப்புறம் ஒரு காரில் போகிறவர் ஹாரன் அடித்துக்கொண்டே சொல்வார், 'ஃபுட்பாத் போட்டுக் கொடுத்தாலும் இவங்க ரோட்லதான் நடப்பாங்க' என்று. கேட் வருகிற இடத்திலும் நடைபாதை அதே மட்டத்தில் போகட்டும், கார் ஏறி இறங்கிப் போகட்டும் என்று வரைபடத்திலேயே எழுதிவிட்டால் தீர்ந்தது. இதற்குத் தனியாகப் பெரிய செலவு எதுவும் இல்லை.

டென்மார்க்கின் யான் கேல் என்ற கட்டடக்கலைஞர் வாழ்நாள் முழுக்க இந்தக் கீழ்த்தளத்தைத்தான் அளந்துகொண்டிருந்தார். மனிதர் நடப்பது மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர் வேகத்தில். அந்த வேகத்தில் நடக்கிறவருக்கு 100 மீட்டருக்கு 15 முதல் 20 கதவுகள் இருக்கிற தெருதான் உயிரோட்டமுள்ள தெரு என்பது அவர் கணக்கு. அதாவது நான்கைந்து விநாடிக்கு ஒரு முறை கண்ணுக்குப் புதிதாக ஏதாவது கிடைக்கும். ஒரு வாசல், ஒரு கடை, நின்று பேசும் இரண்டு பேர். அதே 100 மீட்டர் வெறும் சுவராக இருந்தால் கடக்கப் பிடிக்கும் ஒன்றேகால் நிமிடம் நீளமாகத் தெரியும், இரவில் பயமாகவும் இருக்கும்.

சரி, பில்டருக்கு மட்டும் இந்தச் சுவர் மேல் ஆசையா? இல்லை. அவரை அப்படிக் கட்ட வைப்பது பெரும்பாலும் பார்க்கிங் விதி. உலகின் பல நகரங்களில் வீட்டுக்கு இத்தனை கார் நிறுத்த இடம் ஒதுக்கினால்தான் பிளான் அப்ரூவல் கிடைக்கும். ஒரு கார் நிற்கப் பன்னிரண்டு, பதின்மூன்று சதுர மீட்டர் போதும். ஆனால் அது திரும்பவும் வெளியே வரவும் தேவைப்படும் வழியைச் சேர்த்தால் 25 முதல் 30 சதுர மீட்டர் போய்விடும். நாற்பது வீட்டுக்கு ஆளுக்கு ஒரு கார் என்றால் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல். சின்ன மனையில் கீழ்த்தளம் முழுவதையும் காருக்குக் கொடுத்தாலும் பற்றாது. தையல் கடைக்கு இடம் எங்கே மிஞ்சும்? நகராட்சி ஒரு கையால் நடைபாதைக்கு நிதி ஒதுக்குகிறது, மறு கையால் அந்த நடைபாதையை ஒட்டி எதுவும் இருக்கக் கூடாது என்று சட்டம் போடுகிறது. மெக்சிகோ நகரம் 2017இல் இதைத் தலைகீழாக மாற்றியது. குறைந்தபட்சம் இத்தனை என்ற விதியை எடுத்துவிட்டு, அதிகபட்சம் இத்தனைதான் என்று வைத்தார்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரமும் அதே ஆண்டு குறைந்தபட்ச விதியைக் கைவிட்டது.

'அப்படியானால் எல்லாரும் காரைத் தெருவில் நிறுத்துவார்களே' என்பார்கள். அதற்கு ஜப்பானைப் பார்க்கலாம். அங்கே 1962 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. வண்டியை நிறுத்தச் சொந்தமாகவோ வாடகைக்கோ இடம் இருக்கிறது என்று காட்டினால்தான் கார் வாங்கிப் பதிவு செய்ய முடியும். இரவில் தெருவில் விட்டுவிட்டுப் போக முடியாது. இடம் தேடுவது கார் வைத்திருப்பவர் பாடு, தெருவின் பாடு இல்லை. டோக்கியோவின் குடியிருப்புச் சந்துகள் பலவற்றில் நடைபாதையே கிடையாது. நான்கு மீட்டர் அகலம்கூட இல்லாத சந்துகள் உண்டு. ஆனாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தனியாக நடந்து போகிறார்கள். நின்றுகொண்டிருக்கும் வண்டிகள் இல்லை, ஓடுகிற வண்டிகள் மெதுவாகப் போகின்றன, இரண்டு பக்கமும் வீட்டு வாசல்கள். கிரானைட் பதித்து இரும்புக் குத்துக்கால் நட்டு ஃபோட்டோ எடுத்துப் போடுகிற நடைபாதைத் திட்டங்கள் மேல் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லாததற்கு இதுதான் காரணம்.

இன்னொரு இழப்பு சத்தமில்லாமல் நடக்கும். மனைகளைச் சேர்க்கும்போது நடுவில் இருந்த சந்து வளாகத்துக்குள் போய்விடும். முன்பு அந்தச் சந்து வழியாக இரண்டு நிமிடத்தில் பஸ் ஸ்டாப். இப்போது சுற்றிக்கொண்டு எட்டு நிமிடம். வரைபடத்தில் தூரம் கூடவில்லை, காகம் பறக்கிற தூரம் அதேதான். நடக்கிற தூரம்தான் கூடிவிட்டது. அமெரிக்காவில் போர்ட்லாந்து நகரின் மையத்தில் ஒரு தெருமுனைக்கும் அடுத்ததற்கும் இடையே கட்டடத் தொகுதியின் நீளம் 200 அடி. சால்ட் லேக் சிட்டியில் 660 அடி. இரண்டுமே கட்டம் போட்டது போன்ற நேர்த்தியான தெருக்கள்தான். ஆனால் முதலாவதில் ஒரு நிமிடத்துக்குள் அடுத்த முனை வந்துவிடும், இரண்டாவதில் ஒரு தொகுதியைத் தாண்டுவதற்கே ஏறக்குறைய இரண்டரை நிமிடம் பிடிக்கும். சின்னத் தொகுதிகள் வேண்டும் என்று, நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இலேயே எழுதிவிட்டார். புதிய வளாகத்துக்குள் பொதுவழி ஒன்று விடச் சொன்னால் 'செக்யூரிட்டி பிரச்சினை' என்கிறார்கள். அதற்கும் அவரே பதில் வைத்திருந்தார். தெருவைப் பாதுகாப்பது அதன் மேல் படுகிற கண்கள். ஆள் நடமாட்டமும் வாசல்களும் ஜன்னல்களும் இருக்கிற இடத்தில் திருடனுக்குக் கஷ்டம். உயர்ந்த சுவருக்கு வெளியே அவனுக்குத்தான் வசதி.

(நடை மேம்பாலம் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனமில்லை. லாரி போக ஐந்தரை மீட்டர் இடைவெளி வேண்டும், படி ஒன்றுக்கு பதினைந்து சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்க வேண்டும். அது நடப்பவருக்காகக் கட்டியது என்று யாராவது சொன்னால் அவரை ஒரு நாள் இரண்டு கையிலும் பையோடு ஏறி இறங்கச் சொல்லுங்கள்.)

கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விரிசல் விட்ட பழைய கட்டடத்தில் மேற்கூரை பெயர்ந்து விழுமோ என்று பயந்து வாழ்கிறவரிடம் போய்ப் பாரம்பரியம் பேசக் கூடாது. உயரமும் எனக்குப் பகையில்லை. பக்கத்தில் நிறையப் பேர் இருந்தால்தான் கடையும் பஸ்ஸும் நிலைக்கும். கனடாவின் வான்கூவரில் மெல்லிய உயர்ந்த கோபுரங்கள்தான் கட்டினார்கள். ஆனால் கோபுரத்தைத் தெருவிலிருந்து கொஞ்சம் பின்தள்ளி, அதன் அடியில் தெருவைப் பார்த்த சிறிய வீடுகளை ஒவ்வொன்றுக்கும் தனி வாசலோடு வைத்தார்கள். நடக்கிறவர் கண்ணுக்கு இரண்டு மூன்று மாடி வீட்டு வரிசைதான் முதலில் தெரியும்.

சலுகை கொடுத்தும் செய்ய வைக்கலாம். பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரத்தின் 2014ஆம் ஆண்டுத் திட்டத்தில் பொதுப் போக்குவரத்துத் தடங்களை ஒட்டிய இடங்களில் கீழ்த்தளத்தைத் தெருவுக்குத் திறந்து கடை வைத்தால், அந்தப் பரப்பு ஒரு வரம்பு வரை எஃப்எஸ்ஐ கணக்கில், அதாவது மனையின் அளவுக்கு மொத்தம் எவ்வளவு கட்டலாம் என்ற கணக்கில், சேராது. பில்டருக்கு லாபம், தெருவுக்கும் லாபம். ஆனால் இதில் ஒரு ஓட்டை உண்டு. கடை என்றதும் கீழ்த்தளம் முழுவதையும் ஒரே பெரிய ஹாலாகக் கட்டிவிட்டால், அந்த வாடகையை ஒரு வங்கியோ பெரிய ஷோரூமோதான் கொடுக்க முடியும். அவர்கள் கண்ணாடி முழுக்க விளம்பர ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள், அதுவும் சுவர்தான். கேலின் கணக்கை வைத்துப் பார்த்தால் கடைக்கு ஐந்து, ஆறு மீட்டர் முகப்பு வர வேண்டும். மறுகட்டுமானப் பேச்சு வந்ததும் கீழ்த்தள வரைபடத்தை வாங்கி, இந்த அகலத்தையும் கேட் எண்ணிக்கையையும் பொதுவழியையும் முதலில் பாருங்கள்.

வாடகைக்கு இருந்தவர்களைப் பற்றியும் அப்போதே பேசியாக வேண்டும். வீட்டுச் சொந்தக்காரருக்குப் புது ஃபிளாட் கிடைக்கும், ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்து இருக்கும். தையல் கடைக்காரரின் கையெழுத்துக்கு அதில் இடமே இருக்காது. புதிய கீழ்த்தளத்தில் ஒன்றிரண்டு சின்னக் கடைகளைப் பழைய வாடகையை ஒட்டிய வாடகைக்கு, சில ஆண்டுகளுக்காவது, பழையவர்களுக்கே தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். அதை இடிப்பதற்கு முன்னால்தான் சேர்க்க முடியும். சொந்தக்காரர்கள் ஒன்றாக நின்று கேட்டால் பில்டர் மறுக்க மாட்டார், அந்த நேரத்தில் அவருக்கு அவர்கள் கையெழுத்து வேண்டும்.