திருட்டு முழி உண்டு, கொள்ளை முழி உண்டா?

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்து நகையெல்லாம் எடுத்துப் போய்விட்டார்கள். புகாரில் 'கொள்ளை' என்று எழுதியிருந்தேன். ஏட்டு வாசித்துவிட்டு, "யாராவது கத்தியைக் காட்டினாங்களா சார்?" என்றார். வீட்டில் ஆளே இல்லை என்றேன். "அப்ப திருட்டுன்னு மாத்துங்க." பீரோ காலியாகக் கிடக்கிறது, இவர் தமிழ்ப் பாடம் எடுக்கிறாரே என்று எரிச்சலாக வந்தது.

ஆனால் அவர் சொன்னதுதான் சரி. எவ்வளவு போனது என்பதை வைத்துச் சட்டம் இவற்றைப் பிரிப்பதில்லை. உங்கள் சம்மதமில்லாமல் எடுத்தால் திருட்டு. அதற்காக அடித்தாலோ மிரட்டினாலோ கொள்ளை. நாலு பேர் வரைக்கும் வெறும் கொள்ளை, ஐந்தாவது ஆள் சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே இருக்கிறது. செய்தித்தாள்களுக்குத்தான் இது பொருட்டில்லை. பவுன் கணக்கு கொஞ்சம் கூடினால் போதும், திருட்டு கொள்ளையாகிவிடும்.

சரி, சட்டம் கிடக்கட்டும். சொல்லைக் கவனியுங்கள். கள்ளச்சாவி, கள்ளநோட்டு, கள்ளச்சிரிப்பு என எல்லாவற்றிலும் ஒரு ஒளிவுமறைவு இருக்கிறது. ஊருக்குத் தெரியாமல் காதலிப்பதற்கு நம் பழைய இலக்கணம் வைத்த பெயரே களவுதான். கொள்ளை அப்படியில்லை, அது அள்ளிக்கொள்வது. அதனால்தான் கொள்ளை அழகு, கொள்ளை ஆசை என்கிறோம். திருட்டு முழி என்று ஒன்று உண்டு. கொள்ளை முழி கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவன் எதற்கு முழிக்கப் போகிறான்?

ராத்திரியில் மாட்டுவண்டியில் அள்ளினால் மணல் திருட்டு. பட்டப்பகலில் லாரிகளை வரிசையாக நிறுத்தி அள்ளினால் மணல் கொள்ளை. கம்பியில் கொக்கி போடுபவன் செய்வது மின்திருட்டு. அளவுக்கு மீறிய கட்டணத்தை ரசீது கொடுத்தே வசூலித்தாலும் அது கட்டணக் கொள்ளை. 'கட்டணத் திருட்டு' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒத்துக்கொள்ளாது. ஒளிந்து செய்கிறவனுக்கு ஒரு சொல், நெஞ்சை நிமிர்த்திச் செய்கிறவனுக்கு இன்னொரு சொல். ஏட்டு கேட்ட கத்தியைவிட இந்தப் பிரிவினைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். புகாரைத் திருத்திக் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அக்காவுக்குப் போன் போட்டு, "வீடே கொள்ளை போயிடுச்சுக்கா" என்றுதான் அழுதேன். திருட்டுப் போச்சு என்றால் ஏதோ சைக்கிள் காணாமல் போன மாதிரி இருந்தது.