ஏப்பத்தை வைத்து அமிலத்தை அளக்க முடியுமா?

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் வயிறு கல்லாய்க் கனக்கிறது என்று நண்பர் ஒருவரிடம் புலம்பப்போக, எனக்கு இரைப்பையில் அமிலம் குறைவு என்று அங்கேயே தீர்ப்பெழுதி, அமிலத்தைக் கூட்டும் பீட்டெய்ன் ஹைட்ரோகுளோரைடு கேப்சூலைப் பரிந்துரைத்தார். சந்தேகமிருந்தால் வெறும் வயிற்றில் சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, ஐந்து நிமிடத்துக்குள் ஏப்பம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்; சோடா அமிலத்தோடு சேர்ந்து வாயுவாகும், ஏப்பம் வராவிட்டால் அமிலம் குறைவு என்பது அவர் கணக்கு. கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். முதல் நாள் இரண்டே நிமிடத்தில் வந்தது, மறுநாள் வரவேயில்லை. ஒரே இரவில் என் இரைப்பை வேலைநிறுத்தம் செய்துவிட்டதா என்ன? விழுங்கிய காற்றும் ஏப்பமாகத்தான் வெளியேறுகிறது.

அமிலத்தின் பணி சிறியதென்று நான் சொல்லவில்லை. பெப்சினோஜனைப் பெப்சின் என்னும் செரிமான நொதியாக மாற்றிப் புரதச் செரிமானத்தைத் தொடங்கி வைப்பதும், உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும், உணவிலுள்ள இரும்பையும் பி12 வைட்டமினையும் உடல் ஏற்கும் நிலைக்குக் கொண்டுவருவதும் அதுவே. ஆனால் அமிலம் அறவே சுரக்காதவர்களுக்கும் கணைய நொதிகள் சிறுகுடலில் புரதத்தைச் செரித்துவிடுகின்றன. இரும்பும் பி12உம் உடலில் சேராமல் போவதுதான் சிக்கல். எனவே, நீண்டகால அமிலக் குறைவு வயிற்று உப்புசத்தைவிட இரத்தசோகையாகவே வெளிப்பட வாய்ப்பு அதிகம்.

உண்மையான குறைவு, இரைப்பையின் உட்சுவர் நலிந்தவர்களுக்கும், அமிலத்தைக் கட்டுப்படுத்தும் மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் ஏற்படுகிறது. (நம் நண்பர் காலையில் அந்த மாத்திரையையும் மதியம் அமிலக் கேப்சூலையும் போட்டுக்கொள்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.) 2013இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், ரபெப்ரசோல் என்னும் அத்தகைய மாத்திரை கொடுத்து அமிலம் குறைக்கப்பட்ட தன்னார்வலர்களுக்கு 1,500 மில்லிகிராம் பீட்டெய்ன் ஹைட்ரோகுளோரைடு தரப்பட்டபோது, சில நிமிடங்களில் இரைப்பை மீண்டும் அமிலமாகி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக அப்படியே இருந்தது. கேப்சூல் அமிலத்தைக் கூட்டும் என்பதற்கு அது சான்று. செரிமானத் தொல்லை தீரும் என்பதற்கு அல்ல. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 1993இலேயே, போதிய ஆதாரம் இல்லையென்று, மருத்துவர் சீட்டின்றி விற்கும் செரிமான மருந்துகளில் இதற்கு இடமில்லை என அறிவித்துவிட்டது.

என்னை மிகவும் உறுத்துவது, வயிற்றில் சூடு தெரியும்வரை ஒவ்வொரு கேப்சூலாகக் கூட்டிக்கொண்டே போ என்னும் அறிவுரை. அந்தச் சூடு அளவு நிரம்பியதற்கான மணியோசை அன்று, உட்சுவரின் முறையீடு. வயிற்றுப் புண் உள்ளவர்களும், ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்பவர்களும் இந்த விளையாட்டில் இறங்கினால் இரத்தக்கசிவு வரை போகக்கூடும்.

எனக்குப் பி12 அளவு சரியாகவே இருக்கிறது. இரைப்பையின் உட்சுவரைத் தாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமிக்கான பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை. கேப்சூல் டப்பாவின் முத்திரையை நான் உடைக்கவில்லை.