நுண்குமிழி மருந்து சிறுநீரில் வெளியேறுவதில்லை
கல்லீரல் அல்ட்ராசவுண்டின்போது படம் தெளிவாகத் தெரிவதற்காக இரத்தக்குழாயில் செலுத்தும் நுண்குமிழி மருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறும், ஆகவே பினாங்கில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் அதை மறுத்துவிட வேண்டும் என்று ஐயா ஒருவர் தம் பதிவில் எழுதியிருப்பது தவறு. சிறுநீரகம் வழியாக வெளியேறுவது சிடி ஸ்கேனுக்கான அயோடின் மருந்து, இரண்டும் வேறு.

சோனோவியூ போன்ற மருந்தில், மெல்லிய பாஸ்போலிப்பிட் உறைக்குள் சல்பர் ஹெக்ஸாபுளோரைடு வாயு அடைக்கப்பட்டிருக்கிறது. சராசரியாக 2.5 மைக்ரான் அளவுள்ள இக்குமிழிகள் சிவப்பணுவைவிடச் சிறியவை என்பதால் நுரையீரலின் நுண்குழாய்களைக் கடந்து சுற்றி வருகின்றன. சில நிமிடங்களில் அவை சிதைய, வாயு இரத்தத்தில் கரைந்து நுரையீரலை அடைந்து மூச்சுக்காற்றோடு போய்விடுகிறது. செலுத்திய வாயுவில் 80 விழுக்காட்டுக்கும் மேல் 2 நிமிடங்களிலும், ஏறக்குறைய முழுவதும் 15 நிமிடங்களிலும் வெளியேறிவிடும். உறையின் கொழுப்பை உடல் தன் சொந்தக் கொழுப்பைப் போலவே கையாள்கிறது. சோனசாய்டு போன்ற வேறு சில நுண்குமிழி மருந்துகளில், குமிழிகளில் ஒரு பகுதியைக் கல்லீரலின் குப்ஃபர் செல்கள் (அங்குள்ள நோயெதிர்ப்புச் செல்கள்) விழுங்குவதும் உண்டு.

மருந்தைக் கழுவி வெளியேற்ற நிறையத் தண்ணீர் குடிக்குமாறு அந்த ஐயா சொன்னது எனக்குக் கூடுதல் கவலை தருகிறது, ஏனெனில் நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்ட டயாலிசிஸ் நோயாளிக்கு அந்த அறிவுரைதான் உண்மையான ஆபத்து. அரிதாக ஒவ்வாமை ஏற்படலாம். முந்தைய ஒவ்வாமையையும் இதய, நுரையீரல் நோய்களையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.